எங்கள் கணினி மன்றத்துக்குக் கொள்கை எழுதுகிறோம்: அரசியல் பேசலாமா, பெயர் நோட்டு வைக்கலாமா?

தறிச்சத்தம்

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு தறி ஊரில் நாங்கள் சில பேர் சேர்ந்து கணினி மன்றம் நடத்துகிறோம். பழைய படிப்பகத்தின் பின்அறைதான் இடம். ஐந்து கணினிகள், எல்லாம் யாரோ கழித்துப் போட்டவை. நாங்களே ரேம் மாற்றி, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஓட்டுகிறோம். ஷிஃப்டு முடிந்த தறிக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வருகிற பாட்டிகள் என்று தினமும் ஆள் வரும். கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு நீள நோட்டு. வருகிறவர்கள் பெயர், தெரு, போன் நம்பர் எழுதிவிட்டு உள்ளே வருவார்கள். எல்லா இடத்திலும் நோட்டு இருக்கிறது, அதனால் நாங்களும் வைத்தோம்.

போன தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னால், எங்களோடு பழகிய ஒருவர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. இரண்டு நாளில் எல்லோருடைய போனுக்கும் பிரசாரச் செய்தி வந்தது. அதோடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நம்பருக்கு இரவு 11 மணிக்கு எவனோ "தூங்கிட்டியா" என்று அனுப்பியிருக்கிறான். மறுநாள் காலை அவள் அம்மா தறியை நிறுத்திவிட்டு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே வந்து வாசலில் நின்றார். "எம் பொண்ணு நம்பரு அவனுக்கு எப்படிங்க போச்சு? இங்கதானுங்களே எழுதுனா?"

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து பேசினோம். டீக்கடையில் மாட்டியிருப்பதுபோல் "இங்கு அரசியல் பேசக்கூடாது" என்று பலகை வைத்துவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன எழுதி மாட்டுவது? கொள்கை என்று நாலு வரி வேண்டும், தறிக்காரருக்குப் படித்ததும் புரியவேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய மோடம்

பலகையை வையுங்கள் தம்பி. நான் 20 வருடத்துக்கு மேலாகச் சென்னை லினக்ஸ் பயனர் குழு பக்கம் போய்வருகிறவன். ஐஐடி வளாகத்தில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள், எந்தக் கட்சியும் இல்லாதவர்களும் வருவார்கள். பேசினது கெர்னல், எழுத்துரு, நெட்வொர்க். அதனால்தான் இத்தனை வருடம் ஓடுகிறது. அரசியலை உள்ளே விட்டால் இரண்டாம் மாதமே இரண்டு வாட்ஸப் குழு, மூன்றாம் மாதம் இரண்டு மன்றம். உங்கள் பிரச்சினையே ஓர் அரசியல்வாதி உள்ளே வந்ததால் வந்ததுதானே?

மேசைவிளக்கு

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அரசியலே பேசாத அந்த மாதிரிக் கூட்டங்களில் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊரிலும் மாலையில் ஒரு கணினி அறை நடத்தினோம். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். முதல் ஒரு மாதம் நான் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பையனும் பெண்ணுமாக உட்கார்ந்தால் மவுஸ் பையன் கையில்தான். பெண் பக்கத்தில் உட்கார்ந்து "அதை அமுக்கு, இதை அமுக்கு" என்று சொல்லுவாள், அமுக்குவது அவன்தான். மூன்று பேர் ஆகிவிட்டால் நிற்பது பெண்பிள்ளைதான். யாரும் அவளை எழுந்திரு என்று சொல்வதில்லை, அவளே எழுந்துகொள்வாள். இதற்கு நான் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினேன். 15 நிமிடம் ஆனதும் மவுஸ் கைமாறவேண்டும். அவ்வளவுதான். ஆறே வாரத்தில் ஒரு பெண் தனியாக இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோலம் வரைந்து, பிரிண்ட் எடுத்து மார்கழிக்கு வாசலில் வைத்துப் பார்த்துப் போட்டாள்.

கடிகாரம் அரசியல் இல்லையா? மாலை 6 மணிக்குத் திறந்தால் பெண்கள் வரமாட்டார்கள், ஞாயிறு காலை திறந்தால் வருவார்கள். இது அரசியல் இல்லையா? தறி அண்ணா, இன்னொன்றும் கேட்கவேண்டும், வருத்தப்படாதீர்கள். உங்கள் படிப்பகம் எந்தத் தெருவில் இருக்கிறது? அந்தத் தெருவுக்குள் கால் வைக்க யோசிக்கிறவர்கள் ஊரில் யாராவது இருக்கிறார்களா?

தறிச்சத்தம்

இருக்கிறார்கள் டீச்சர். நீங்கள் கேட்ட பிறகுதான் நோட்டை எடுத்துத் தெருப்பெயர்களைப் பார்த்தேன். இரண்டு வருட நோட்டில் ஒரு தெருவின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. எந்தத் தெரு என்று இங்கே எழுத வேண்டியதில்லை, ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

எல்பே கரை

நான் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். இங்கே இருக்கிற கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் மன்றத்தின் கூட்டங்களுக்கு ஐந்தாறு வருடமாகப் போகிறேன். நீங்கள் கேட்பதை அவர்கள் 40 வருடத்துக்கு முன்பே மோதிப் பார்த்திருக்கிறார்கள்.

1981 செப்டம்பரில் பெர்லினில், ஓர் இடதுசாரி நாளிதழின் அலுவலக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆரம்பித்தது அந்த மன்றம். வௌ ஹோலண்ட் என்பவர் முக்கியமானவர், 2001-இல் இறந்துவிட்டார். கணினி அப்போது அரசு கையிலும் பெரிய கம்பெனிகள் கையிலும்தான் இருந்தது. அது சாதாரண ஜனங்களை என்ன செய்யப்போகிறது என்பதுதான் அவர்கள் கேள்வியே. அதாவது முதல் நாளிலிருந்தே அரசியல்தான்.

அவர்களுடைய கொள்கை ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பகுதி அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவி 1984-இல் தொகுத்தது. கணினியைத் தொட்டுப் பழக யாருக்கும் தடை இருக்கக்கூடாது. அதிகாரத்தை அப்படியே நம்பாதே, அதிகாரத்தைப் பரவலாக்கு. ஒருவரை அவர் செய்கிற வேலையை வைத்து எடைபோடு; பட்டம், வயது, இனம், பதவியை வைத்துப் போடாதே. கணினியில் அழகானதையும் உண்டாக்கலாம் என்றும் ஒன்று உண்டு (டீச்சர் சொன்ன கோலம் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது). இவற்றோடு ஜெர்மன்காரர்கள் தாங்களாக இரண்டு சேர்த்தார்கள். அடுத்தவர் தரவில் குப்பை கொட்டாதே. பொதுத் தரவைப் பயன்படுத்து, தனியார் தரவைக் காப்பாற்று.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள் அண்ணா. அந்த அம்மா உங்கள் வாசலில் நின்று கேட்டது அதைத்தான்.

இந்த எண்ணம் ஜெர்மனியில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1983-இல் மேற்கு ஜெர்மனி அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப் போனபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. நாஜிக் காலத்தில் பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்பது ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தது. வழக்கு அரசியல்சட்ட நீதிமன்றம் வரை போனது. தன்னைப் பற்றிய தகவலை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த மனிதரின் உரிமை என்று அந்த டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

வாய்தா

வழக்குரைஞர் என்கிற முறையில் ஒரு எச்சரிக்கை. கேயாஸ் மன்றத்தின் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கவனமாகச் சொல்லுங்கள். 1984-இல் அவர்கள் ஜெர்மன் தபால் துறையின் கணினிச் சேவையில் இருந்த ஓட்டையைக் காட்ட, ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் கணக்கிலிருந்து தங்களுடைய கட்டணப் பக்கத்தை (ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் காசு விழும்) ஒரு ராத்திரி முழுக்கக் கூப்பிட வைத்து, சுமார் 1,35,000 மார்க் சேர்த்து, அதைப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. இரண்டே வருடத்தில் அங்கே கணினிக் குற்றச் சட்டம் கடுமையானது. 1986-இல் மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. உரிமையாளர் அனுமதி இல்லாமல் கெட்ட நோக்கத்தோடு நுழைந்தால் 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் நல்லது என்று நிரூபிக்கக் கோர்ட்டு படி ஏறவேண்டும். 2010-இல் ஓட்டு இயந்திரத்தின் பலவீனத்தைக் காட்டிய ஆராய்ச்சியாளர் ஹரி பிரசாத், அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கைது செய்யப்பட்டார். ஓட்டு இயந்திரத்தை நம்பலாமா என்ற கேள்வியை ஜெர்மனியிலும் கிளப்பினார்கள். டச்சுக்காரர்களோடு சேர்ந்து நெடாப் ஓட்டு இயந்திரத்தைப் பிரித்துக் காட்டியவர்களில் கேயாஸ் மன்றத்தாரும் உண்டு. அங்கே அது நீதிமன்றத்துக்குப் போய், அந்த இயந்திரங்களைத் தேர்தலில் பயன்படுத்திய விதம் அரசியல்சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2009 மார்ச்சில் தீர்ப்பானது. காரணம் எளியது. தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியவேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்த வழி ஒன்று கைவசம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாள். பொதுத் தரவைப் பயன்படுத்து என்ற வரிக்கு அதுதான் நம் ஊர் அர்த்தம். அதையும் இப்போது இறுக்கிவிட்டார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 44(3), தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லிப் பொதுத் தகவலையும் மறுக்க அது வழி விடும். இதைப் பற்றிப் பேசாமல் கணினி சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, மோடம் ஐயா.

வடலி

நான் யாழ்ப்பாணம். இந்த இழையை நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல் பற்றிக் கதைக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளை எரிக்க வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழர் வீடு, எது இல்லை என்று அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். என் அம்மம்மா அப்போது வெள்ளவத்தையில் இருந்தவ. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தங்கள் குசினிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றி, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தவ. கடைசி வரைக்கும் எந்தப் படிவத்திலும் தன் பெயரை முழுதாக எழுதமாட்டா. நாங்கள் கோபப்படுவோம். "எழுதினது எங்க போகுமெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்பா.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் கொலைக்காகத் தயாரிக்கவில்லை. வாக்குப் போடுவதற்காகத் தயாரித்தார்கள். உங்கள் நோட்டும் அப்படித்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1981-இல், மே 31 இரவு, எங்கள் யாழ் பொது நூலகத்தை எரித்தார்கள். கிட்டத்தட்ட 97,000 நூல்கள். சில ஏடுகளுக்கு வேறு பிரதியே இருக்கவில்லை. அந்த இழப்பை அறிந்த தலைமுறையினர்தான் 2005-இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஓர் இடத்தை எரித்தால் எல்லாம் போய்விடாது. எனக்கு இந்த இரண்டும் ஒரே பாடம். பொதுவானதற்கு நூறு பிரதி இருக்கவேண்டும். தனி மனிதரைப் பற்றியதற்கு ஒரு பிரதியும் இருக்கக்கூடாது, இருந்தே ஆகவேண்டும் என்றால் ஒழிய.

மேசைவிளக்கு

வடலி, இதைப் படித்துவிட்டு எங்கள் அறையின் நோட்டை இன்றைக்கே எடுத்துவிட்டேன்.

எல்பே கரை தம்பிக்கு ஒரு கேள்வி. 2008-இல் இதே கேயாஸ் மன்றம் ஜெர்மன் உள்துறை அமைச்சர் ஷாய்ப்ளேயின் கைரேகையைத் தங்கள் பத்திரிகையில் அச்சடித்து விநியோகித்தது என்று படித்திருக்கிறேன். தனியார் தரவைக் காப்பாற்று என்று எழுதி வைத்தவர்கள் அதை எப்படிச் செய்தார்கள்?

எல்பே கரை

உண்மைதான் டீச்சர். ஒரு நிகழ்ச்சியில் அவர் தண்ணீர் குடித்த டம்ளரிலிருந்து எடுத்த ரேகை. பாஸ்போர்ட்டில் கைரேகை சேர்ப்பதை ஆதரித்துப் பேசியவர் அவர். கைரேகை ரகசியம் இல்லை, போகிற இடமெல்லாம் விட்டுவிட்டு வருகிறோம் என்று காட்டச் செய்தார்கள். அதிகாரத்தில் இருப்பவருக்கும் குடிமகனுக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பது அவர்கள் வாதம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது என்ற விஷயம் அதனால் பரவலாகப் புரிந்தது. ஆனாலும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அமைச்சரின் விரலும் விரல்தான். உங்கள் மன்றத்தில் இதைக் காப்பி அடிக்காதீர்கள்.

டேலி வாத்தியார்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தாலுகா ஊர் ஒன்றில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். கொள்கையில் "கட்டற்ற மென்பொருள் மட்டும்" (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற லினக்ஸ் மாதிரி மென்பொருள்) என்று போடப்போகிறீர்கள் என்று தெரிகிறது. போடுங்கள். ஆனால் உங்கள் ஊர்ப் பெண் நூல் கடையில் கணக்கு எழுதப் போனால் முதல் கேள்வி "டேலி தெரியுமா". கடைகளில் கணக்கு எழுதுகிற மென்பொருள் அது. மாதம் பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. கட்டற்ற லிப்ரே ஆபீஸ் தெரியும் என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். உங்கள் கொள்கைக்கு அந்தப் பெண் விலை கொடுக்கக்கூடாது.

பழைய மோடம்

வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதில் நான் இரண்டு பக்கமும் பார்த்தவன். கேரளாவில் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் வந்தது தானாக இல்லை, ஆசிரியர்கள் நின்று கேட்டு வாங்கினார்கள். மலையாளத்தில் மெனு, மலையாளத்தில் பாடம். நம் மாநிலத்தில் 2011-இல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது பாஸ் லினக்ஸும் விண்டோஸும் இரண்டுமே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது, தமிழில் ஓடும். அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதுதான் காரணம்.

பெங்களூருவில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துப் பிள்ளைகள் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் நடத்தினார்கள். பழைய கணினி, பகலில் வேலைக்குப் போகிற பையன்கள், கிம்ப் என்ற கட்டற்ற பட மென்பொருளில் படம் வரைகிறார்கள். அம்பேத்கர் பெயரை வாசலில் எழுதிய மன்றம் அரசியல் பேசாத மன்றம் என்று நான் சொல்ல முடியாது. அது தப்பு என்றும் சொல்ல முடியாது. எங்கள் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று டீச்சர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில்: மிகக் குறைவு. பல மாதம் ஒருவர்கூட இல்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பலகை வேண்டாம் தம்பி. ஆனால் கட்சி வேண்டாம் என்பதை எழுதியே ஆகவேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வாய்தா

ஐயா சொன்னதை இப்படி எழுதலாம்: மன்றத்தின் அறை, கணினி, நம்பர், பெயர் எதுவும் எந்தக் கட்சியின் வேலைக்கும் போகாது, மன்றப் பொறுப்பில் இருப்பவர் தேர்தலில் நின்றால் அன்றைக்கே பொறுப்பை விடுவார். இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதலாவதை யாரும் நம்பமாட்டார்கள்.

சங்கமாகப் பதிவு செய்தால் (7 பேர் போதும், 1975-இன் சட்டம்) உறுப்பினர் பதிவேடு கட்டாயம் வைக்கவேண்டியிருக்கும். நிர்வாகத்தில் இருப்பவர்களை மட்டும் உறுப்பினராகப் போடுங்கள். வந்துபோகிறவர்கள் அதில் வரவேண்டியதில்லை.

தறிச்சத்தம்

சரி, ஒரு சிக்கல். எங்களுக்குக் கரண்டு பில் கட்டுகிற நல்ல மனிதர் மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார். அதற்குத்தான் நோட்டு உதவியது. நோட்டு இல்லாமல் என்ன காட்டுவது?

மேசைவிளக்கு

வாசலில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் இரண்டு சொம்பு. பெண்கள் ஒன்றில், ஆண்கள் ஒன்றில், வரும்போது ஒரு கொட்டை போட்டுவிட்டு வரட்டும். அந்தப் பக்கம் போகவும் வேண்டாம், இந்தப் பக்கம் போகவும் வேண்டாம் என்பவர்களுக்கு மூன்றாவது சொம்பு. ராத்திரி எண்ணி எழுதுங்கள். எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று யாருக்கும் தெரியாது.

நோட்டோடு முடியாது அண்ணா. கணினிகளின் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

தறிச்சத்தம்

பார்த்தோம். ஐந்து கணினியிலும் சேர்த்து 212 ஆதார் பிடிஎஃப் கிடந்தது. ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒருவருடைய மருத்துவ அறிக்கைகூட. உதவித்தொகைக்கு எழுதிப்போட வந்தவர்கள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கோப்பு இங்கேயே இருந்துவிட்டது. எங்கள் கையால்தான் இறக்கிக் கொடுத்தோம். படம் எடுத்துக்கொண்டு போனவரை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த 212-ஐப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் அழித்தோம். இப்போது விருந்தாளிக் கணக்கு வைத்திருக்கிறோம், ஆள் எழுந்ததும் அவர் தொட்டது எல்லாம் அழிந்துவிடும். ஆதார் வேண்டும் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த பிரதி எப்படி எடுப்பது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பைப் பற்றிப் போன ஞாயிறு ஒரு மணி நேரம் பேசினோம். கேட்டவர்களில் பாதிப் பேர் பாட்டிகள். "அப்ப ஜெராக்ஸ் கடைக்காரன் எங்கிட்ட எதுக்கு ரெண்டு காப்பி எடுத்தான்?" என்று ஒரு பாட்டி கேட்டார். அடுத்த வாரம் அதைப் பேசுகிறோம்.

நோட்டை எரிக்கவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினோம். அந்த அம்மாவைக் கூப்பிட்டு அவர் முன்னால் செய்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கூழைக் கையால் அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டுப் போனார்.

சுவரில் எழுதப்போவது இது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"இது எல்லோருக்கும் பொதுவான இடம். சாதி, மதம், ஆண், பெண், படிப்பு, பதவி பார்த்து யாரையும் நிறுத்தமாட்டோம். மவுஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாறும். உங்கள் பெயரையும் நம்பரையும் கேட்கமாட்டோம், கேட்கிறவரிடம் கொடுக்கவும் எங்களிடம் ஒன்றும் இருக்காது. பொதுப் பணம், பொதுக் கணக்கு எதுவானாலும் கேட்டு வாங்கிப் படிப்போம், படித்ததை எல்லோருக்கும் கொடுப்போம். அரசியல் பேசலாம். கட்சி வேலைக்கு இடமில்லை. தேர்தலில் நிற்பவர் பொறுப்பில் இருக்கமாட்டார். அடுத்தவர் கணினியில் கேட்காமல் நுழையக் கற்றுத்தரமாட்டோம்."

டேலி விஷயத்தில் இன்னும் ஒத்துவரவில்லை. ஒரு கணினியில் மட்டும் வைக்கலாம் என்று மூன்று பேர், வேண்டவே வேண்டாம் என்று நாலு பேர். வாத்தியார் சொன்னது மனதில் இருக்கிறது, அதனால் ஓட்டுக்கு விடாமல் தள்ளி வைத்திருக்கிறோம்.

டேலி வாத்தியார்

ஞாயிறு மதியம் நான் வந்து சொல்லித்தருகிறேன், என் மடிக்கணினியில். உங்கள் கொள்கைக்கும் பங்கம் இல்லை. காசு வேண்டாம்.

வடலி

"எங்களிடம் ஒன்றும் இருக்காது" என்ற வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

தறிச்சத்தம்

எழுதுகிறோம் வடலி. வாத்தியாருக்கு நன்றி, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புகிறேன்.

அப்புறம் ஒரு செய்தி. இரண்டாவது அறைக்கு இடம் பார்த்திருக்கிறோம், நோட்டில் பெயரே வராத அந்தத் தெருவில். அங்குள்ள பெண்கள் சுயஉதவிக் குழுவின் கூடம், சாவி அவர்களிடமே இருக்கும். முதல் வேலையாகத் தங்கள் தெருவிளக்குக் கணக்கை ஆர்டிஐ போட்டு வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், பிள்ளைகள் கம்பங்களை எண்ண ஆரம்பித்தாயிற்று. அங்கே போட இரண்டு கணினி தயார், மூன்றாவதற்கு ரேம் இல்லை. யாரிடமாவது பழைய 2 ஜிபி டிடிஆர்3 சும்மா கிடந்தால் சொல்லுங்கள், கூரியர் செலவு நாங்கள் கொடுக்கிறோம்.